ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி: சின்ன டாக்டர் முதல் சீஃப் வரை, யாரிடம் என்ன கிடைக்கும்

நெல்லைச் சீமையில் உள்ளூரில் சமாளிக்க முடியாத நோய் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட். 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. அம்பை, களக்காடு, வள்ளியூர், ராதாபுரம், தென்காசி, சங்கரன்கோவில் என்று எல்லாப் பக்கமிருந்தும் 108 வண்டி இங்கேதான் திரும்பும். கட்டடம், கழிப்பறை, கேன்டீன் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு. இந்த மதிப்பீடு அதைப் பற்றியது இல்லை. சிகிச்சை என்ற சேவை எந்த வயது, எந்தப் பதவி டாக்டர் கையால் நோயாளிக்கு வந்து சேருகிறது, அதில் எது நன்றாக நடக்கிறது, எது ஏன் கெடுகிறது என்பதுதான் இங்கே விஷயம். இதில் பெரும்பகுதி மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நாகர்கோவில் ஆசாரிபள்ளத்துக்கும் கூடப் பொருந்தும், ஏனென்றால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எல்லாமே ஒரே அமைப்பில் ஓடுகின்றன.

வார்டில் அதிகம் காதில் விழும் குறை ஒன்று உண்டு: "எல்லாம் சின்னப் புள்ளையளா இருக்கு, பெரிய டாக்டர் எப்ப வருவாங்க?" கேட்பவரின் பயம் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வி தப்பான இடத்தைப் பார்க்கிறது. ஐகிரவுண்டின் பலம் தனியொரு பெரிய டாக்டரிடம் இல்லை. ஒருவர் மேல் ஒருவராக நிற்கும் யூனிட் என்ற டாக்டர் குழுவில் இருக்கிறது. யூனிட் முழுசாக வேலை செய்கிற நாளில் போனவருக்கு, பணம் கட்டினாலும் சுலபத்தில் கிடைக்காத கவனிப்பு இலவசமாகக் கிடைக்கும். படிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்த நேரத்தில் மாட்டியவர் தவிப்பார். எது எந்த நேரம் என்று தெரிந்துகொள்வதே பாதி வைத்தியம்.

வயதுக் கணக்கு

நீட் எழுத, சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது ஆகியிருக்க வேண்டும். எம்பிபிஎஸ் நாலரை ஆண்டு படிப்பு, அதன்மேல் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் இருப்பவர்தான் ஹவுஸ் சர்ஜன். ஆகவே வார்டில் பார்க்கும் மிக இளைய ஹவுஸ் சர்ஜனுக்கு 22 வயது இருக்கும். நீட்டுக்கு ஓரிரு வருடம் திரும்ப எழுதியவருக்கு 24, 25. அடுத்து பிஜி என்ற மேல்படிப்பு, எம்டி அல்லது எம்எஸ், 3 ஆண்டு. இடையில் நிற்காமல் போனவர் 26, 27இல் முடிப்பார். இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்றவற்றுக்கு டிஎம் அல்லது எம்சிஎச், இன்னும் 3 ஆண்டு. அதனால் 30 வயதுக்குக் கீழே இதய நிபுணர் அபூர்வம், 35 வயதில் ஒருவர் இருந்தால் அவர் "சின்ன டாக்டர்" இல்லை, படிப்பை முழுசாக முடித்தவர்.

அரசுப் பணி வழியாக வருகிறவர் கணக்கு வேறு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் என்ற எம்ஆர்பி 2012இல் அமைந்தது. அதன் தேர்வில் தேறி உதவி மருத்துவராகி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான சர்வீஸ் ஒதுக்கீட்டில் பிஜி சேர்வார்கள். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு பிஜி இடங்களில் பாதி இவர்களுக்கு. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று சொன்னது. இதன் பலன் நோயாளிக்கு நேராக வருகிறது. ஒரே வார்டில் பிஜி என்று நிற்கும் இருவரில் ஒருவருக்கு 25 வயது, இன்னொருவருக்கு 34 இருக்கலாம். அந்த 34 வயதுக்காரர் மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் ராத்திரி தனியாளாகப் பிரசவமும் விஷக்கடியும் விபத்தும் பார்த்து வந்தவராக இருப்பார். கேஸ் ஷீட்டில் இருவரும் பிஜிதான், தலைமுடியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பிஜி முடித்தபின் ஏணி இப்படிப் போகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி ஓராண்டு சீனியர் ரெசிடென்டாக இருந்தவர் உதவிப் பேராசிரியர் ஆகலாம். அதில் 4 ஆண்டும் இரண்டு ஆய்வுக் கட்டுரையும் இருந்தால் இணைப் பேராசிரியர். அதில் 3 ஆண்டும் மொத்தம் நான்கு கட்டுரையும் இருந்தால் பேராசிரியர். காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் 35 வயதில் பேராசிரியர் ஆகிவிடலாம். தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அப்படி ஆகிறவர்களும் உண்டு. அரசுக் கல்லூரியில் தகுதி வந்தால் மட்டும் போதாது, மேலே இடம் காலியாக வேண்டும், மூப்புப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும், பதவி உயர்வுப் பேனல் வெளிவர வேண்டும். அதனால் பொது மருத்துவம், பொது அறுவை சிகிச்சை போன்ற பெரிய துறைகளில் பேராசிரியர் நாற்காலி பொதுவாக நாற்பதுகளின் பின்பாதியிலும் ஐம்பதுகளிலும்தான் வருகிறது. பெயர்ப் பலகையில் "பேராசிரியர்" என்று இருந்தால் அது எந்தக் கல்லூரிப் பேராசிரியர் என்று பார்க்க வேண்டியது இதனால்தான். இரண்டு பேரும் விதிப்படி சரியானவர்களே, ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அனுபவ ஆண்டுகள் வேறு வேறு.

2025 ஜூலையில் வந்த புதிய விதி, 220 படுக்கைக்குக் குறையாத அரசு மருத்துவமனையில் 10 ஆண்டு பணிசெய்த சிறப்பு மருத்துவர்களும் இணைப் பேராசிரியர் ஆகலாம் என்று வழி திறந்திருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வருடக்கணக்காக ஆபரேஷன் செய்தும் ஆசிரியர் ஆக முடியாமல் இருந்தவர்களுக்கு இது நல்லது. ஐகிரவுண்ட் மாதிரி இடங்களுக்கும் கைப்பழக்கம் உள்ளவர்கள் வந்துசேர்வார்கள்.

மாநில அரசுப் பணியில் ஓய்வு 60 வயதில். 58 ஆக இருந்தது 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. ஆசிரியராக 70 வரை இருக்கலாம் என்று ஆணையம் அனுமதிப்பதால், ஐகிரவுண்டில் ஓய்வுபெற்ற சீஃபை, அதாவது யூனிட் தலைவரை, கொஞ்ச நாளில் ஒரு தனியார் கல்லூரியிலோ வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலோ பார்க்கலாம். ஓய்வு வயதுக்கும் கைத்திறனுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது. பழைய திருநெல்வேலி மாவட்டத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி, 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முப்பது வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். திருநெல்வேலிக் கிளை 1988இல் வந்தது.

யூனிட் என்றால் என்ன

ஒவ்வொரு பெரிய துறையும் பல யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 30 படுக்கை என்பது பழைய மருத்துவக் கவுன்சில் வைத்த அளவு. தலைவர் சீஃப், அவருக்குக் கீழே இணைப் பேராசிரியர் அல்லது உதவிப் பேராசிரியர்கள், சீனியர் ரெசிடென்ட், மூன்று வருடத்து பிஜிக்கள், அப்புறம் ஹவுஸ் சர்ஜன்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓபியும் அட்மிஷனும். அன்று காலை ஓபிக்கு வருகிறவர்களும், அன்று ராத்திரி கேஷுவாலிட்டி வழியாக வருகிறவர்களும் அந்த யூனிட் நோயாளிகள். மறுநாள் காலை சீஃப் ரவுண்ட்ஸ், புதிதாக வந்த ஒவ்வொருவரையும் பார்ப்பார்கள்.

ஓபி சீட்டுப் போடும்போதே யூனிட் எண்ணைக் கவனித்து எழுதிவைத்துக்கொள்வது மிக முக்கியம். ஓபி காலையோடு சரி, மதியத்துக்குள் முடிந்துவிடும். சீட்டுக்குக் காசு கிடையாது. முதல் தடவை எந்த நாளும் வரலாம், அடுத்த தடவை அதே கிழமையில் வர வேண்டும். வேறு கிழமையில் வந்தால் வேறு யூனிட், வேறு சீஃப், பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், மருந்தும் மாறலாம். "போன தடவை ஒன்று சொன்னாங்க, இந்தத் தடவை வேறு சொல்றாங்க" என்ற புலம்பலில் பெரும்பாலானவை கிழமை மாறி வந்ததால் நேர்ந்தவை.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை தொடர்ந்து வாங்குவதற்காக மட்டும் இங்கே வர வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது, ஊர்ச் சுகாதார நிலையத்திலும் கிடைக்கிறது. மாத்திரை வரிசை குறைந்தால் அந்த நேரம் மூச்சுத் திணறி வந்தவருக்குப் போகும்.

ஹவுஸ் சர்ஜன்: குறைத்து மதிப்பிடப்படும் ஆள்

இந்தக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 எம்பிபிஎஸ் இடம். ஆக ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ அத்தனை ஹவுஸ் சர்ஜன்கள். ரத்தம் எடுப்பது, டிரிப் ஏற்றுவது, ஈசிஜி எடுப்பது, சோதனை முடிவை வாங்கி வருவது, வேறு துறை டாக்டரின் கருத்துக் கேட்கும் ஒபினியன் சீட்டு கொண்டுபோவது எல்லாம் இவர்கள்தான். இவர்களிடம் சிகிச்சை முடிவை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் எழுதிவைத்த முறைப்படி செய்ய வேண்டிய வேலையில் 23 வயதும் 55 வயதும் ஒன்றுதான்.

விஷக்கடியை எடுத்துக்கொள்ளலாம். வயலும் மலையடிவாரமும் நிறைந்த இந்தப் பக்கத்தில் கேஷுவாலிட்டிக்குப் புதிதில்லாத கேஸ். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மை கெடும். அதைக் கண்டுபிடிக்க 20 நிமிட உறைதல் சோதனை: சுத்தமான, உலர்ந்த, கண்ணாடிச் சோதனைக் குழாயில் 2 மில்லி ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின் ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து, தொடக்கத்தில் 8 முதல் 10 குப்பி, ஒரு மணி நேரத்துக்குள் டிரிப்பில். 6 மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. இதில் தப்பு நடக்கும் இடங்கள் தெரிந்தவை. பிளாஸ்டிக் குழாயில் எடுப்பது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் எடுப்பது, பத்து நிமிடத்திலேயே ஆட்டிப் பார்ப்பது, 6 மணி நேரச் சோதனையை ஷிப்ட் மாறும் நேரத்தில் தவறவிடுவது. கடைசிதான் அடிக்கடி நடக்கக்கூடியது. துணைக்கு இருப்பவர் மருந்து ஏற்றிய நேரத்தைக் குறித்துவைத்து, "ஆறு மணி நேரம் ஆச்சு, டெஸ்ட் பாக்கணுமா டாக்டர்?" என்று கேட்டால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன் ஒரே வார்டில் நிலையாக இருக்க மாட்டார். பயிற்சி விதிப்படி பொது மருத்துவத்தில் 6 வாரம், பொது அறுவையில் 6 வாரம், மகப்பேறில் 7 வாரம், சமுதாய மருத்துவத்தில் 12 வாரம், எலும்பு, காது மூக்கு தொண்டை, கண் துறைகளில் தலா 2 வாரம். எலும்பு முறிந்து மூன்று வாரம் படுத்திருப்பவர் இரண்டு செட் ஹவுஸ் சர்ஜன்களைப் பார்த்துவிடுவார். தினமும் பழகிய அந்தத் தம்பி திடீரென்று காணாமல் போனால் கவனிப்பு நின்றுபோனதாக அர்த்தமில்லை. மாறிய முதல் இரண்டு நாள் மட்டும் நிலுவையில் இருக்கும் சோதனை முடிவுகளை நினைவுபடுத்த வேண்டும், அவ்வளவுதான்.

பெண் டாக்டர்களை "சிஸ்டர்" என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டும். நர்ஸைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை. யார் எந்த முடிவு எடுக்கலாம் என்று குழப்பம் வந்தால் அது நோயாளிக்கே கெடுதல். கட்டில் பக்கத்தில் நின்று "மருந்து மாத்தியிருக்கேன்" என்று ஒரு பெண் சொல்லும்போது, அவர் பிஜி டாக்டர் என்று தெரியாமல் காதில் வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. "டாக்டர்" என்றோ "மேடம்" என்றோ கூப்பிட்டால் தீர்ந்தது.

பிஜி: யூனிட்டின் முதுகெலும்பு

நோயாளியை முழுசாக அறிந்தவர் யார் என்று கேட்டால், தயங்காமல் சொல்லலாம், அந்தக் கட்டிலைப் பார்க்கும் பிஜி. முதல் வருடத்து பிஜிதான் வந்த உடனே கதை கேட்டு, உடம்பைச் சோதித்து, கேஸ் ஷீட் எழுதுவார். காலை ரவுண்ட்ஸில் சீஃபுக்குச் சொல்வதும் அவர்தான். சீஃபின் முடிவு பிஜி சொன்னதை வைத்தே அமைகிறது. எனவே முழுக் கதையையும் பெரிய டாக்டருக்கென்று சேர்த்துவைக்காமல் முதலில் பிஜியிடம் சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்டு மருந்து, பழைய ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத ஊசி, குடிப்பழக்கம் எல்லாம். குடியை மறைத்தால் ஆபரேஷனுக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுக்கமும் புத்தித் தடுமாற்றமும் வந்து, காரணம் தெரியாமல் எல்லோரும் அலைவார்கள்.

மூன்றாம் வருடத்து பிஜி கிட்டத்தட்ட நிபுணர். ராத்திரி இரண்டு மணிக்கு அவசர வயிற்று ஆபரேஷன் என்றால் கத்தி பிடிப்பது அவராக இருக்கலாம், ஏபி என்கிற உதவிப் பேராசிரியர் மேற்பார்வையில். பயப்பட வேண்டியது இல்லை, கேட்க வேண்டியது மட்டும் உண்டு: "டியூட்டி ஏபி தியேட்டருக்கு வந்துட்டாங்களா?" வந்துவிட்டார் என்றால் படி முழுசாக இருக்கிறது.

இங்கே கெடுவது எங்கே? மூன்று இடத்தில். ஒன்று, தேர்வுக் காலம். இறுதியாண்டு பிஜிக்கள் விடுப்பில் போய், அடுத்த பேட்ச் இன்னும் சேராமல் இருக்கும் மாதங்கள் மிக மோசமானவை. நீட் பிஜி கலந்தாய்வு தள்ளிப்போகும் ஆண்டில் மூன்று பேர் வேலையை இரண்டு பேர் இழுப்பார்கள். இரண்டாவது, மாவட்ட ரெசிடென்சி. ஒவ்வொரு பிஜியும் படிப்புக் காலத்தில் 3 மாதம் மாவட்ட அளவிலான ஆஸ்பத்திரியில் பணிசெய்ய வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வரவு, யூனிட்டுக்குப் பற்று. மூன்றாவது, தூக்கமில்லாமை. அட்மிஷன் நாள் காலை வந்தவர் ராத்திரி முழுக்க விழித்திருந்து, மறுநாள் சீஃப் ரவுண்ட்ஸ் முடித்து, மத்தியானம் வரை நிற்பார். அந்த மறுநாள் மத்தியானத்தில்தான் மருந்தளவு தவறாக எழுதப்படுவதும், கட்டில் எண் மாறுவதும் நேர வாய்ப்பு அதிகம். இது அந்தப் பிள்ளைகளின் குற்றம் இல்லை. ஆட்கள் பற்றாமல் நடத்துகிற ஏற்பாட்டின் குற்றம், அதைத் திருத்த வேண்டியது அரசு. நோயாளி தரப்பில் செய்யக்கூடியது, அவசரமில்லாத கேள்விகளை அந்த மத்தியானத்தில் தவிர்த்து மறுநாள் காலை கேட்பது, ஊசி போடும் முன் பெயரைச் சத்தமாகச் சொல்வது.

ஏபியும் சீஃபும்

30க்கும் 45க்கும் இடைப்பட்ட உதவிப் பேராசிரியர்கள்தான் இந்தச் சேவையின் சிறந்த பகுதி. படிப்பு பழசாகவில்லை, கையும் பழகியிருக்கிறது, பார்க்கும் நோயாளி எண்ணிக்கையும் அதிகம். தினசரி முடிவுகள் இவர்கள் கையில். சந்தேகம் என்றால் சீஃபைத் தேடி ஓடாமல், காலை ரவுண்ட்ஸ் முடிந்து ஓபிக்குக் கிளம்பும் முன் ஏபியிடம் இரண்டு நிமிடம் கேட்பது மேல். மூன்று கேள்வி போதும்: நோய் என்ன என்று நினைக்கிறீங்க, அடுத்து என்ன செய்யப் போறீங்க, எதுக்காகக் காத்திருக்கோம்.

சீஃபிடம் கிடைப்பது வேறு. இழுத்துக்கொண்டே போகும் காய்ச்சல், மூன்று துறை மாறியும் பிடிபடாத நோய், ஆபரேஷன் செய்யலாமா விடலாமா என்ற தராசு முனை நிலை, இங்கேதான் முப்பது வருட அனுபவம் பேசும். முக்கியமாக, "இவருக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்று துணிந்து சொல்ல வயது வேண்டும். சீஃப் பார்த்துச் சொன்னது கேஸ் ஷீட்டில் தேதியோடு எழுதப்படும். பார்த்தாரா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அந்தக் குறிப்பே பதில்.

சீஃப் ஓய்வுபெறும் மாதத்தைக் கவனிக்க வேண்டும். ஓய்வு மாதக் கடைசி நாளில் நடக்கும், புதியவர் வரும் வரை யூனிட்டை ஏபியோ இணைப் பேராசிரியரோ பொறுப்பில் பார்ப்பார். அன்றாடச் சிகிச்சைக்குப் பாதிப்பு இல்லை. ஆனால் அந்த சீஃபே செய்ய வேண்டும் என்று காத்திருக்கும் பெரிய ஆபரேஷன் அடுத்தவர் வரும்வரை நகராது. அப்படிப்பட்டவர்கள் தேதியை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். இடமாறுதல் கலந்தாய்வு, மகப்பேறு விடுப்பு இவற்றாலும் இடைவெளி விழும். அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதம், அது தாயின் உரிமை. மாற்று ஆள் போடாமல் விடுவதுதான் தப்பு.

பதவி உயர்வு ஊர்ந்து போவதன் விளைவு நோயாளிக்கும் உண்டு. 2019 அக்டோபர் இறுதியில் அரசு டாக்டர்கள் செய்த வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கையே 2009ஆம் ஆண்டின் அரசாணை 354ஐ மறுபரிசீலித்து, ஊதிய உயர்வுக்குக் காத்திருக்கும் ஆண்டுகளைக் குறைக்க வேண்டும் என்பதுதான். மத்திய அரசு டாக்டர்களுக்கு 4, 9, 13, 20 ஆண்டுகளில் காலியிடம் பார்க்காமல் உயர்வு கிடைக்கிறது. நாற்பது வயதில் நல்ல கைத்திறனோடு நிற்கும் ஒருவர் அடுத்த படி எப்போது என்று தெரியாமல் இருந்தால், தனியார் ஆஸ்பத்திரி கூப்பிடும்போது போய்விடுவார். சூப்பர் ஸ்பெஷாலிட்டி துறைகளில் இந்த இழப்பு வலிக்கும், ஒருவர் போனாலே ஒரு துறை நொண்டும்.

ஆபரேஷன் தேதி ஏன் தள்ளிப் போகிறது

அதிகம் சண்டை நடப்பது இதில்தான், பெரும்பாலும் காரணம் தெரியாததால். ஒரு யூனிட்டுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாள்கள்தான் தியேட்டர். முன்னதாக, உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் என்று மயக்க மருந்துத் துறையின் ஃபிட்னஸ் வேண்டும். ஹீமோகுளோபின், சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின், ரத்தப் பிரிவு, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, வயதானவர் அல்லது இதயக் கோளாறு உள்ளவருக்கு எக்கோவும் இதய டாக்டர் ஒபினியனும். இதில் எக்கோவும் ஒபினியனும்தான் நேரம் தின்னும். ஒபினியன் தர வேண்டியவர் தன் ஓபியை முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் வார்டுக்கு வர முடியும். "ஒபினியன் அனுப்பியாச்சா?" என்பதோடு நிறுத்தாமல் "வந்து எழுதிட்டாங்களா?" என்று கேட்க வேண்டும். அனுப்புவது ஹவுஸ் சர்ஜன் வேலை, எழுதுவது அந்தத் துறை ஏபி வேலை. சிக்கல் எந்தப் படியில் என்று அப்போதுதான் தெரியும்.

எல்லாம் தயாரான பிறகும் முந்தின ராத்திரி விபத்துக் கேஸ் வந்தால் லிஸ்ட் சரியும். காலையில் சர்க்கரை ஏறியிருந்தால் மயக்க டாக்டர் மறுப்பார், அதில் அவரோடு வாதாடக் கூடாது. ரத்தம் தேவைப்படும் ஆபரேஷனுக்குக் கொடையாளரை இரண்டு நாள் முன்பே கொண்டுவந்துவிட வேண்டும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை, ஆதார், குடும்ப அட்டை நகல்களை அட்மிஷன் அன்றே கொடுத்தால் முன் அனுமதி வாங்கும் நேரமும் சோதனை நேரமும் ஒன்றாக ஓடும்.

குறை இருந்தால் முதலில் ஏபி, அடுத்து சீஃப், அதற்கு மேல் ஆர்எம்ஓ என்ற நிலைய மருத்துவ அலுவலர், கண்காணிப்பாளர், கடைசியில் டீன். நேராக டீனிடம் போனால் அது மறுபடி அந்த ஏபியிடமே விளக்கம் கேட்டு வரும், நாள்தான் போகும். உயிருக்கு ஆபத்தான அலட்சியம் என்றால் மட்டும் நேரே ஆர்எம்ஓ.

சாயங்கால கிளினிக்கும் பெயர்ப் பலகையும்

தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்கலாம். பாளையிலும் வண்ணார்பேட்டையிலும் சாயங்காலம் அதே ஏபியை, அதே சீஃபைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். நிதானமாகப் பேச, இரண்டாவது கருத்துக் கேட்க அது உதவும். வார்டில் படுத்திருக்கும் ஒருவருக்காக கிளினிக்கில் போய் நிற்பது தேவையில்லை, காலையில் அவரே வருவார்.

பலகையில் பார்க்க வேண்டியது பட்டமும் பதிவு எண்ணும். பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் போட வேண்டும் என்பது விதி, மாநில மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். "சீனியர் கன்சல்டன்ட்" என்பது அந்த ஆஸ்பத்திரி கொடுத்த பெயர், அதற்கு ஆணையத்தின் அளவுகோல் கிடையாது. தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி இருப்பவர் யார், என்ன படித்தவர், கன்சல்டன்ட் எத்தனை நிமிடத்தில் வருவார் என்று அட்மிட் செய்யும் முன் கேட்க வேண்டும். ஐகிரவுண்டில் ராத்திரியும் பிஜியும் டியூட்டி ஏபியும் உள்ளேயே இருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் பெரியாஸ்பத்திரி பல தனியார் இடங்களைவிட மேல்.

வயதானவரா, இளையவரா என்ற கேள்விக்கு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய உள்நோயாளிகளை வைத்து 2017இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 40 வயதுக்குக் கீழுள்ள பொது மருத்துவர்களிடம் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 10.8 சதவீதம், 60 தாண்டியவர்களிடம் 12.1. ஆனால் நிறைய நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களிடையே இந்த வயது வித்தியாசம் காணவில்லை. அடுத்த ஆண்டு அதே இதழில் அறுவை மருத்துவர்களைப் பற்றி வந்த ஆய்வில் நிலைமை தலைகீழ். வயது கூடக்கூட இறப்பு சிறிது குறைந்தது, 6.6இலிருந்து 6.3 சதவீதம் வரை. நம் ஊர் நிலவரத்தை அப்படியே இதில் அளக்க முடியாது. ஆனாலும் காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் இளைய ஏபி போதும், பெரிய ஆபரேஷனுக்கு மேற்பார்வையில் மூத்த கை வேண்டும் என்று இந்த மதிப்பீடு சொல்வதற்கு அது முரணாக இல்லை.

ஒரே ஒரு குறை எல்லாப் படிகளையும் தாண்டி நிற்கிறது: டிஸ்சார்ஜ் சீட்டு. அது பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜனோ முதல் வருடத்து பிஜியோ அவசரத்தில் எழுதுவது. நோயின் பெயர், செய்த ஆபரேஷன், மாத்திரை அளவு, யூனிட் எண், திரும்ப வர வேண்டிய கிழமை ஐந்தும் இருக்கிறதா என்று வார்டை விட்டு இறங்கும் முன் பார்த்து, விட்டுப்போனதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பயாப்ஸி என்ற திசுச் சோதனைக்குப் போயிருந்தால் அதன் எண்ணும் வேண்டும். முடிவு வர நாளாகும், அப்போது வார்டில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் வேறொருவர்.